மூளி வந்தது

“சார்... அந்த மூட்டைய மொதல்ல வெளிய போடுங்க!”

மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ். ஐப்பசி மழை. ஜன்னல் படுதாவையெல்லாம் இறக்கிவிட்டதில் உள்ளே மூச்சுவிட வழியில்லை. இதில் எதிர் சீட்டுக்கு அடியில் இருந்த சாக்கு மூட்டையிலிருந்து குடலைப் பிடுங்கும் நாற்றம் வேறு. அமல்ராணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மூட்டைக்காரனை முறைத்தாள்.

முறைத்தவள்... ஒரு நொடி முறைக்க மறந்துபோனாள். தலையிலிருந்து சொட்டும் மழைநீர்... கண்ணாடிக்குப் பின்னால், அடி வாங்கப் போகிறவனைப் போல மிரண்டு விழிக்கும் இரண்டு கண்கள்... அட, நாற்றத்துக்கு நடுவில் உனக்கு இது ரொம்ப முக்கியமா என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

“கருவாடா இருந்தா மேல டாப்புல போடுய்யா. பேஜாரா கீது!” என்றார் கண்டக்டர்.

“கருவாடு இல்லீங்க... தலை.”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

“ஐயையோ, மனுஷத் தலை இல்லீங்க! ஓங்கல் தலை. டால்ஃபினு! லக்கேஜ் டிக்கெட்கூட வாங்கிட்டேன்...”

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். பஸ் நின்றது. அந்த ஆள் தன் சட்டையைக் கழற்றி மூட்டையின் மேல் போர்த்தி, பனியனோடு கொட்டுகிற மழையில் இறங்கப் போனான். தனக்குக் குடையில்லை, எலும்புக்குச் சட்டையா! அமல்ராணிக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

“உக்காருங்க சார். கண்டக்டரண்ணே, ரைட் குடுங்க... மூக்கப் பொத்திக்கினு வந்துட்டா திண்டிவனம் வந்துடப்போவுது.”

அவன் பெயர் தேவநாதன். விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர். சொந்த ஊர் திருவெண்ணெய்நல்லூர்.

“நெல்லும் கரும்பும் வெளையிற ஊருக்காரரு, கடல் மீனுக்குச் சட்ட போத்துறீங்களே?”

“மீன் இல்லீங்க. குட்டி போட்டுப் பால் குடுக்குது. மூச்சு விட மேல வந்தே ஆவணும். வலையில மாட்டினா மேல வர முடியாது... நம்மள மாதிரியே மூச்சு முட்டித்தான் சாவுது.”

அமல்ராணி மூக்கிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டாள். அவளுக்கு வீடு திண்டிவனம். மரக்காணத்தை ஒட்டிய பனையடிக்குப்பத்தில் ஆரம்பப்பள்ளி ஆசிரியை. கரையில் ஒதுங்கிய ஓங்கலை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். பெரிய மீன் என்று தாண்டிப் போயிருக்கிறாள்.

“நம்ம கடல்ல எத்தன இருக்குது, எத்தன சாவுது... எண்ணினவங்களே இல்லீங்க. கடலோரத்துல இருக்கிறவங்க எண்ணினாத்தான் உண்டு.” பையிலிருந்து ஒரு கத்தைத் தபால் கார்டு எடுத்து நீட்டினான். ஒரு பக்கம் அவன் விலாசம். மறுபக்கம் அச்சடித்த வரிகள்: தேதி. எத்தனை. உயிரோடா, செத்தா. வேறு குறிப்பு. “ஓங்கல் தெரிஞ்சா மட்டும் போடுங்க டீச்சர். தெரியலன்னா வேணாம், கார்டு வீணாயிடும்.”

கார்டு வீணாயிடுமாம்! மகாராசன், அந்த ஒரு வார்த்தையை மட்டும் அன்றைக்குச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

குப்பத்தில் கடலைப் பார்க்கத் தெரிந்தவர் மாசிலாமணி. ஒரு கட்டுமரம், ஒரு வலை, எழுதப் படிக்கத் தெரியாது. அவர் பார்த்து வந்து சொல்வார், அமல்ராணி எழுதுவாள். கரைக்குப் பக்கத்திலேயே சுற்றித்திரிந்த ஒரு ஓங்கலுக்கு முதுகுத் துடுப்பில் ஒரு துண்டு இல்லை. மாசிலாமணிதான் அதற்கு மூளி என்று பேர் வைத்தார்.

“டீச்சர்! மூளி வந்துச்சு! என் மரத்தாண்டயே வந்து ‘புஸ்’ஸுன்னு மூச்சு வுட்டுட்டுப் போவுது, கொழுப்பெடுத்தது!”

எத்தனை: ஒன்று. உயிரோடு. வேறு குறிப்பு... அங்கேதான் பேனா நிற்கும். தபால் கார்டு ஊர்ச் சொத்து அல்லவா? போஸ்ட்மேன் பச்சைமுத்து சத்தமாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவார். அதனால் ‘இங்கு மழை. பஸ் லேட்’ என்று மட்டும் எழுதுவாள். நாலாம் நாள் பதில் வரும். ‘கார்டு கிடைத்தது. விழுப்புரத்திலும் மழை.’ இந்த இரண்டு வரியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்குகிற பெண்ணை என்னவென்று சொல்வது!

மாதம் இரண்டு சனிக்கிழமை அவனே வருவான். படகில் சாக்கட்டியால் ஓங்கல் வரைந்து, எப்படி மூச்சு விடுகிறது என்று குப்பத்துக்கே பாடம் எடுப்பான். வலையில் மாட்டினால் அறுத்தாவது விட்டுவிடுங்கள் என்று கெஞ்சுவான். திரும்பும்போது அவளும் அவனும் ஒரே பஸ். அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வறுத்த வேர்க்கடலை ஒரு பொட்டலம், இருவருக்கும் நடுவில்.

“மூளிய நீங்க நேர்ல பாத்ததே இல்லியே சார்?”

“பாக்கணும்னே இல்லீங்க. நீங்க எழுதுறத நம்புறேன்.”

அந்த நம்பிக்கையைத்தான் அவள் கொன்றாள்.

தை மாதம் பதினேழாம் தேதி விடிந்ததும் மாசிலாமணி பள்ளிக்கூடத்து வாசலில் வந்து உட்கார்ந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

“இழுக்கும்போதே மூச்சு இல்ல டீச்சர். என் வலையிலதான்... பேர் வெச்ச கையாலயே பொதைச்சிட்டு வர்றேன்.” சட்டென்று அவள் காலைத் தொடப் போனார். “எழுதிடாதீங்க தாயே. ஆபீசருங்க வந்து வலையத் தூக்கிக்கினு போயிடுவாங்க. எனுக்கு இருக்கிறது அந்த ஒரு வலைதான்.”

அவள் எழுதவில்லை. அழுதாள். ஒரு வாரம் போயிற்று. வேறு ஓங்கல் எதுவும் வரவில்லை. ஓங்கல் இல்லையென்றால் கார்டு இல்லை. கார்டு இல்லையென்றால் விழுப்புரத்து மழை இல்லை, சனிக்கிழமை இல்லை, மல்லாட்டை இல்லை... எட்டாம் நாள் கை தானாகவே எழுதியது. எத்தனை: ஒன்று. உயிரோடு. மூளி வந்தது.

பச்சைமுத்து அதைப் படித்தார். மூளியைப் புதைத்த இடம் அவருக்கும் தெரியும். டீச்சர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார். இப்படி ஒன்பது கார்டு.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை, தேவநாதன் கால் தரையில் பாவாமல் வந்தான். பள்ளிக்கூடத்தில் குப்பமே கூடியிருந்தது.

“இருவத்திமூணு கார்டுங்க! ஒரே ஓங்கல், ஒரே எடத்துல, அஞ்சு மாசமா உயிரோட இருக்குது. அடுத்த வாரம் மெட்ராஸ்ல பெரிய கூட்டத்துல படிக்கப்போறேன். ஏன் உயிரோட இருக்குது? இந்தக் குப்பத்து ஆளுங்க பாத்துப் பாத்து வலை போடுறீங்க. முக்கியமா மாசிலாமணியண்ணன்! எல்லாரும் அவருக்குக் கை தட்டுங்க!”

ஒருவரும் தட்டவில்லை. மாசிலாமணியின் மனைவி கோவிந்தம்மாள் மட்டும் இரண்டு தரம் தட்டிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டாள். மாசிலாமணி எழுந்து வெளியே போனார். ஐயோ, வெக்கப்படறாரு என்று சிரித்தான் தேவநாதன். ஊர் முழுக்கத் தெரிந்தது, அவன் ஒருவனுக்குத் தெரியவில்லை. டீச்சருக்காக அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பை அமல்ராணியால் தாங்க முடியவில்லை.

அன்று பஸ்ஸில் மல்லாட்டைப் பொட்டலத்தை அவள் பிரிக்கவேயில்லை. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் பஸ் வந்து நின்றபோது சொன்னாள்.

“மூளி இல்ல சார். தை பதினேழே செத்துப்போச்சு. அதுக்கப்புறம் எழுதினதெல்லாம்... பொய்.”

அவன் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. கைப்பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட கார்டுக் கட்டை எடுத்து நீட்டினான்.

“நீங்களே பிரிச்சுக் குடுங்க.”

தேதி பார்க்கத் தேவையே இருக்கவில்லை அவளுக்கு. ஒன்பதையும் எடுத்து வைத்தாள்.

“ஊர்ல எல்லாருக்கும் தெரியுமா?”

தலையாட்டினாள்.

“தெரிஞ்சிக்கினேதான் நான் பேசுறதக் கேட்டுக்கினு இருந்தாங்களா...” அவன் குரல் உடைந்தது. “ஏன் டீச்சர்?”

“மாசிலாமணியண்ணன் கெஞ்சினாரு... அவருக்கு ஒரே வலை.”

அது பாதி உண்மை. மீதிப் பாதி நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது. வாய்விட்டுச் சொல்ல என்ன உரிமை இருக்கிறது? அவன் ஈஸ்வரன் கோயில் தெருப் பிள்ளை, அவள் மாதா கோயில் தெருப் பெண். அதைவிடப் பெரிய வெட்கம், பிடிபட்டவள் இப்போது போய்க் காதல் என்று சொன்னால் அதையும் பொய் என்றுதானே நினைப்பான்!

ஒன்பதையும் வாங்கிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினான். திரும்பிப் பார்க்கவில்லை. பிரிக்காத பொட்டலம் அவள் கையிலேயே இருந்தது.

சித்திரை... வைகாசி... ஆடி... அவன் வரவில்லை. விழுப்புரத்தில் மழை பெய்ததா என்று எழுத யாரும் இல்லை.

மறுபடி ஐப்பசி. கடல் கொந்தளித்து அடங்கிய காலையில் வேறொரு ஓங்கல் கரையில் செத்துக் கிடந்தது. மாசிலாமணி அவன் சொல்லிக்கொடுத்தபடியே மணலில் புதைத்து, பிறகு எலும்பு எடுக்க அடையாளமாகச் சவுக்குக்கழி நட்டுவிட்டு வந்தார்.

“இது எவன் வலையோ தெரியல. எழுதுங்க டீச்சர். அதோட... தையில செத்தது என் வலைதான்னும் எழுதிடுங்க. வலைய எடுத்துக்கினா எடுத்துக்கினு போவட்டும். கை தட்டுங்கன்னாரே அந்த சாரு... அது தொண்டையில முள்ளா குத்திக்கினே கீது.”

கடலுக்குப் போய்ப் பிழைக்கிறவருக்கு இருக்கிற தைரியம் எனக்கு இல்லையா? அவள் இரண்டு கார்டு எடுத்தாள். முதலாவது அன்றைய தேதிக்கு. இரண்டாவதில் தை பதினேழு என்று போட்டாள். எத்தனை: ஒன்று. செத்து. மாசிலாமணி வலையில், அவரே சொல்லச் சொன்னார். வேறு குறிப்பு... பேனா நின்றது. பச்சைமுத்து படிப்பார். கல்லூரி ஆபீஸே படிக்கும். படிக்கட்டும்!

‘இதை அன்றே எழுதியிருக்க வேண்டும். எழுதினால் நீங்கள் வரமாட்டீர்களோ என்று பயந்தேன். ஒன்பது கார்டிலும் ஓங்கல் பொய். உங்களை எதிர்பார்த்திருந்தது பொய் இல்லை. அமல்ராணி.’

பச்சைமுத்து வழக்கம்போலச் சத்தமாக ஆரம்பித்தார். பாதியில் குரல் நின்றது. மீதியை மனசுக்குள் படித்தார். கார்டைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, “மழைல நனையாம எடுத்துக்கினு போறேம்மா,” என்றார்.

ஆறாம் நாள் சாயங்காலம். மரக்காணம் பஸ்ஸில் ஜன்னல் படுதாவை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தாள். வண்டி புறப்படும் நேரம், நனைந்த சாக்கு மூட்டையோடு ஒருவன் ஏறினான். அதே நாற்றம். இந்த முறை அமல்ராணி மூக்கைப் பொத்தவில்லை. முகத்தையே மூடிக்கொண்டாள்.

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். உப்பளம் தாண்டியதும் பேசினான்.

“மெட்ராஸ்ல படிச்சேங்க. பதினாலு கார்டு. அதுக்கப்புறம் வலையில செத்துப்போச்சுன்னேன். அதுக்குக் கார்டு எங்கன்னு கேட்டாங்க... இல்லன்னு தலை குனிஞ்சிக்கினு வந்தேன்.” மூச்சு வாங்கினான். “இப்ப வந்துடுச்சு.”

“அந்த ஒம்பதையும் கிழிச்சுட்டீங்களா?”

“கணக்குலேருந்து எடுத்துட்டேன். கிழிக்க மனசு வரல.” சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினான். “ராத்திரியில வேறு குறிப்பு மட்டும் படிப்பேன். ‘வெயில் ஆரம்பம். கண் எரிச்சல்.’ அப்ப நீங்க அழுதீங்கன்னு எனக்கு இப்பத்தான் தெரியுது... இஷ்டம்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு எனக்கு மட்டும் என்ன வந்துச்சு? சனிக்கிழமை சனிக்கிழமை நான் மூளிக்காகவா வந்தேன்? மூளியப் பாக்கக்கூட இல்ல நானு. ஒங்களப் பாத்துக்கினு இருந்தேன்.”

அவள் அழுதாள். மூளிக்காக, வீணாகப் போன மாதங்களுக்காக, இனி இரண்டு வீட்டிலும் நடக்கப்போகும் சண்டைக்காக... எல்லாவற்றுக்கும் சேர்த்து அழுதாள்.

“தப்பு என்னுதும்தான்,” என்றான் அவன். “தெரிஞ்சா மட்டும் போடுங்கன்னு சொன்னேன் பாருங்க. வரல, செத்துப்போச்சு, ஒண்ணுமே இல்ல... அதையெல்லாம் எழுத எடமே வெக்கல.” மடியில் ஒரு புதுக்கட்டு கார்டை வைத்தான். “இனிமே வராத நாளும் எழுது அமலா. வரலைன்னா வரலைன்னு எழுது. நான் வர்றேன்.”

அந்த வாரமே முதல் கார்டு போனது. எத்தனை: ஒன்றும் இல்லை. வேறு குறிப்பு: கடல் காலியாக இருக்கிறது. வாருங்கள்.