நுரைமரத்துப் புறாக்கள்

மாட்டுத் தொழுவத்தடியில் உறங்கும் எங்கள் முன்னோர்மேல் ஆணை, இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

ஊர் வழக்குகளைத் துப்புத் துலக்கித் தீர்க்கும் ஸ்வெலிபன்சி காலைக் கஞ்சியில் வாய் வைக்குமுன் நொன்சாபோ வந்து நின்றாள்.

"அண்ணே, என் வெள்ளைக் கிடாவக் காணோம்! நாளைக்கு மகன் சடங்கு முடிச்சு ஆம்பளையா வீட்டுக்கு வர்றான். பலிக் கிடா கத்தாம முன்னோருங்க அவன எப்படி ஏத்துப்பாங்க? ஊர்ல வேற வெள்ளைக் கிடா இல்லியே!"

"சிறுத்தைதான் மச்சான்!" என்று குதித்தான் லுவாண்டிலே. ஸ்வெலிபன்சியின் மனைவிக்குத் தம்பி, துப்பறியும் ஆசை பிடித்தவன்.

"கயிறு எப்படி இருந்துச்சு?" என்றார் ஸ்வெலிபன்சி.

"அவுத்துக் கெடந்துச்சுண்ணே."

"முடிச்சவுக்கிற சிறுத்தையா மாப்ளே?" கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. "யார் மேல சந்தேகம்?"

"கினிகாயா. போன விருந்துல அவனுக்குக் கள்ளுப் பானையோட அடிமண்டிய ஊத்திட்டேன்னு இன்னும் முறைக்கிறான்."

கினிகாயா தன் ஆடுகளுக்கு நடுவே சாவகாசமாக நின்றிருந்தான். "நான் விடிஞ்சதுலேருந்து மேல்சுனையில இருந்தேன். அங்க நுரைமரத்துல புறாக் கூட்டம், செவப்புப் பழத்த அள்ளித் தின்னுச்சு. இப்பத்தான் வந்தேன்."

கறுப்புக் கிடா ஒன்று லுவாண்டிலேயின் கால்சட்டையை உரசிப் போனது. அவன் கரியைத் தட்டிக்கொண்டே அதைத் திட்டினான்.

மேல்சுனைக்கு ஏறுவதற்குள் அவன் இருமுறை ஓடையில் விழுந்தான். ஸ்வெலிபன்சி இருமுறையும் இழுத்துப் போட்டார். மூன்றாவது முறை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தார். ஓடைமேல் சாய்ந்து நின்றது வெள்ளைப் பட்டை நுரைமரம். கிளையிலும் தரையிலும் ஒரு சிவப்புப் பொட்டுகூட இல்லை.

"ஒண்ணு விடாமத் தின்னுருக்குங்க மச்சான்! கினிகாயா யோக்கியன்!"

ஸ்வெலிபன்சி பெருமூச்சு விட்டு ஒரு கட்டு இலை ஒடித்துக்கொண்டார்.

திரும்பி வந்ததும் ஊரே கினிகாயாவின் தொழுவத்தில் கூடிவிட்டது.

"கினிகாயா, மேல்சுனையில நிக்கிறது ஆண் மரம். பூக்கும், ஆயுசுக்கும் காய்க்காது. உன் வேலிக்குப் பின்னால நிக்கிறது பெண் மரம். அதுல பழத்தையும் புறாவையும் பாத்துட்டு, மேல இருக்கிறதும் அப்படித்தான்னு அளந்துட்ட. நீ மேல்சுனைப் பக்கமே போகல."

"மரத்துல ஏது மச்சான் ஆம்பளை பொம்பளை?"

"நீ சும்மா இரு. முதல்ல உன் கால்சட்டையப் பாரு. எந்த ஆட்டோட கறுப்பாவது துணியில ஒட்டுமா?"

இலைகளை வாளித் தண்ணீரில் கசக்கினார். நுரை பொங்கி வழிந்தது. கறுப்புக் கிடாவைப் பிடித்துத் தேய்த்தார். அடுப்புக்கரியும் கொழுப்பும் ஒழுகி ஓட, வெள்ளைக் கிடா ஊர் அதிரக் கத்தியது.

"அடிமண்டிண்ணே..." என்று முனகினான் கினிகாயா. "எல்லாரும் பாக்க ஊத்துனா."

நொன்சாபோ கயிற்றைப் பிடுங்கிக்கொண்டாள். "நாளைக்கு முதல் குவளை உனக்குத்தான்டா. எல்லாரும் பாக்கவே ஊத்துறேன். ஆனா தொழுவத்துக்கு வெளிய நின்னு குடி!"

ஸ்வெலிபன்சி, அந்தக் கிடா பிறப்பதற்கு முன்பே இறந்துபோனவர். நான் ஆணையிட்ட, தொழுவத்தடியில் உறங்கும் முன்னோரில் அவரும் ஒருவர்.