பத்து இரங்கல் குரல்களும் மூன்று நிமிட மிச்சமும்

நான் சொல்லப்போவதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்யவும் தயார். இந்த நாட்டில் புகைமணி அடித்துத் தீயணைப்புக்காரர் வந்துவிடுவார்கள் என்பதால் வாயால் மட்டும் சொல்கிறேன்.

2016 மார்கழியில் ஒரு ஞாயிறு. சுவிஸில், ஊஸ்டர் என்ற ஊரில் இருந்த தயாநிதிக்கு அன்று செத்துப்போன மச்சான் இரவீந்திரனின் முப்பத்தோராம் நாள் நினைவுக்கூட்டம். ரொறன்ரோ, லண்டன், கோப்பாய் என்று பத்து உறவினர் போனில் அனுப்பிய இரங்கல் குரல்களை ஒன்றாக்கி, இரண்டு மணிக்கு மண்டபத்தில் போடுவது அவன் பொறுப்பு. கடைசியில் அவனும் நாலு வார்த்தை பேசிச் சேர்க்க வேண்டும்.

"பிள்ளையளின்ரை கூத்துக்குள்ளை என்னத்தைப் பதியப் போறியள்? கெல்லருக்குப் போங்கோ" என்றாள் மனைவி பத்மினி. "சுருக்கமாச் சொல்லுங்கோ. அவர் உயிரோடை இருக்கேக்கையே உங்கடை கதையைக் கேக்கமாட்டார்."

கெல்லர் என்பது, போர் வந்தால் ஒளிந்துகொள்ளக் கட்டடத்தின் அடியில் கட்டிய அறை. உடுப்புத் தோய்க்கும் அறையும் அங்கேதான்; ஞாயிறில் தோய்க்கத் தடை. அதனால் கீழே ஒரு குருவியும் இல்லை. ஒரு சாண் தடிப்பான கொங்கிறீற்றுக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, மடிக்கணினியைத் திறந்து, இலவசமாக இறக்கிய மென்பொருளில் பத்துக் கோப்புகளையும் வரிசையாக அடுக்கி இணைத்தான்.

தனித்தனியே கூட்டினால் இருபத்தொரு நிமிடம். இணைத்தது இருபத்துநாலு.

காதொலியை மாட்டிக்கொண்டான். ரொறன்ரோ மாமி அழுது முடித்ததும் லண்டன்காரர் தொடங்கவில்லை. இடையில் யாரோ செருப்புத் தேயப் படியிறங்கும் சத்தம், ஈரச் சுவரில் உள்ளங்கை உரசும் சத்தம், பிறகு பாரமான கதவொன்று ரப்பர் விளிம்பில் பொருந்தி மூச்சடைத்ததுபோல் மூடும் சத்தம். பத்து நிமிடத்துக்கு முன் அவன் வந்த வரவு அது. அடுத்த இடைவெளியில் முஷ்டியால் கதவைக் குத்தும் ஓசை. கூடவே அவனுடைய குரல்: "பத்மினி, கதவைத் திறவும்!"

அதை அவன் இன்னும் சொல்லவில்லை.

எழுந்து போய்க் கதவின் நெம்புபிடியைத் திருகினான். அசையவில்லை. போனில் சிக்னல் இல்லை. முழுப் பாரத்தையும் போட்டுத் தள்ளினான், குத்தினான், கத்தினான்.

"பத்மினி, கதவைத் திறவும்!"

சொன்ன பிறகுதான் விளங்கியது.

கழுத்தில் தொங்கிய காதொலியில் கோப்பு ஓடிக்கொண்டே இருந்தது. கோப்பாய்ச் சித்தப்பா. அவருக்குப் பின் அவனுடைய அதே குரல், கரகரத்து. இன்னொருவர். பின் நகம் சீமெந்தில் கீறும் சத்தம். கணினியை நிறுத்தினான். நிற்கவில்லை. மூடினான். உள்ளே பேசியது.

விரல் நுனிகள் எரிந்தன. பார்க்கவில்லை.

மூலையில் கிடந்த அரிசி மூட்டையில் குந்தினான். மேலே இரண்டு மணி ஆகியிருக்கும். மண்டபம். ஆட்கள்.

பத்தாவது குரலும் முடிந்தது.

மூச்சு. ஒன்றல்ல, இரண்டு பேருடையது.

"மச்சான்," என்றது காதொலி, இரவீந்திரனின் குரலில், நிதானமாக, "கொஞ்சம் தள்ளி இரும்."

பக்கத்தில் அரிசி சரசரத்தது. மூட்டையின் மறுபாதி, மெல்ல மெல்ல, ஓர் ஆள் அளவுக்குப் பள்ளமானது.

இதையெல்லாம் தயாநிதி ஒருவருக்கும் சொன்னதில்லை. அவன் இன்னும் வெளியே வரவில்லை.