பெட்டி மூடியில் எட்டுக் கேள்விகள்

அந்த வீட்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. துருவி என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் துருவித் துருவிக் கேட்பாள் என்பதால் அப்பா வைத்த பெயர் அது. வகுப்பு ஆசிரியை அவளுக்கென்றே ஒரு சட்டம் போட்டிருந்தார். ஒரு பாடத்துக்கு மூன்று கேள்விதான் கேட்கலாம், நான்காவதை நாளைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அப்படி நாளைக்கு என்று வைத்த கேள்விகளே ஒரு நோட்டு நிறைய இருந்தன.

அப்பா அவளுக்கு நேரெதிர். வாயைத் திறந்து ஒன்றும் கேட்க மாட்டார். இந்தப் பேருந்து எங்கே போகிறது என்று கேட்கக் கூச்சப்பட்டு, இரண்டு தடவை வேறு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறார்.

வீட்டின் முன்பக்கம் அப்பாவின் பேக்கரி. கேக் வெந்துவிட்டதா என்று பார்க்க, அதன் நடுவில் ஒரு மெல்லிய மூங்கில் குச்சியைக் குத்தி எடுப்பார். குச்சியில் மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. ஒட்டினால் இன்னும் பத்து நிமிடம். குத்திய ஓட்டை வெளியே தெரியக் கூடாது என்று அதன் மேல் ஒரு செர்ரிப் பழத்தை வைத்து விடுவார். செர்ரிக்குக் கீழே ஓட்டை இருக்கிற ரகசியம் அந்தத் தெருவிலேயே துருவிக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு மாதமாக அப்பாவின் கழுத்தில், தாடைக்குக் கீழே, பட்டாணி அளவில் ஒரு கட்டி இருந்தது. போன வாரம் அம்மா அவரை இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். கட்டியிலிருந்து ஒரு சின்னத் துணுக்கு எடுத்துச் சோதித்துப் பார்க்கலாம், அதற்கு பயாப்சி என்று பெயர், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாருங்கள் என்றார் டாக்டர். பூர்த்தி செய்து கொண்டுவர ஒரு தாளும் கொடுத்தார். அன்றிலிருந்து அப்பா மாவு பிசையும்போது சீட்டியடிப்பதை நிறுத்திவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மாவிடமிருந்து போன் வந்தது. அம்மா ரயில் ஓட்டுகிறவள். வாரத்தில் நான்கு நாள் வெளியூரில்தான் இருப்பாள்.

"நாளைக்கு என் ரயில் வந்து சேரவே பதினோரு மணி ஆயிடும், துருவி. நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடறேன். அதுவரைக்கும் நீ அப்பாகூட இரு. அந்தத் தாளை எழுதிட்டாரான்னு பாரு. அவரா ஒண்ணும் கேக்க மாட்டாரு, உனக்குத்தான் தெரியுமே."

"நான் எத்தனை கேள்வி வேணும்னாலும் கேக்கலாமா?"

"நாளைக்கு மட்டும் கணக்கே இல்லை."

துருவிக்குச் சிறகு முளைத்ததுபோல் இருந்தது. ஆனால் தாளைத்தான் காணவில்லை. அலமாரியில் இல்லை, அப்பாவின் சட்டைப்பையிலும் இல்லை. கடைசியில் சர்க்கரை டின்னுக்கு அடியில், நான்காக மடித்து, எறும்புகளுக்கு நடுவில் கிடந்தது. ஒரு காகிதம் அங்கே தானாக நடந்து போயிருக்காது என்று அவளுக்குப் புரிந்தது.

தாளைத் தட்டிவிட்டுப் படித்தாள். 'தினமும் சாப்பிடும் மருந்து' என்ற இடத்தில் அப்பா 'இல்லை' என்று எழுதியிருந்தார்.

"அப்பா, காலையில டீயோட ஒரு மஞ்சள் மாத்திரை போடுறீங்களே, அது?"

அப்பா மாவிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார். "அது மருந்து இல்லம்மா. மூணு வருஷமா போடுறேன். அது பழக்கம்."

"எதுக்குப் போடுறீங்க?"

"இதயத்துக்கு. ரத்தம் உறைஞ்சு கட்டாம இருக்கறதுக்குன்னு சொன்னாங்க."

"ரத்தம் உறையலைன்னா, குத்தின இடத்துல அது எப்படிப்பா நிக்கும்?"

அப்பாவின் கை மாவுக்குள் அப்படியே நின்றுவிட்டது. இதை அவர் யோசித்திருக்கவே இல்லை.

தாளின் அடியில் ஒரு போன் எண் இருந்தது. துருவி மாத்திரை அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு அந்த எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் ஒரு நர்ஸ் பேசினார். துருவி அட்டையில் இருந்த பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். டாக்டரைக் கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன் என்ற நர்ஸ், கால் மணி நேரத்தில் கூப்பிட்டார்.

"சொன்னது ரொம்ப நல்லதாப் போச்சு, பாப்பா. நீங்களா மாத்திரையை நிறுத்தக் கூடாது. இது சின்ன ஊசிங்கறதால நாளைக்கும் வழக்கம்போலப் போடலாம்னு டாக்டர் சொல்றாங்க. ஆனா எங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். குத்தின இடத்தைக் கொஞ்ச நேரம் கூடுதலா அழுத்திப் பிடிப்போம். எல்லா மாத்திரைக்கும் இதே பதில் கிடையாது, அதனாலதான் கேக்கறோம்."

துருவி 'இல்லை'யை அடித்துவிட்டு மாத்திரையின் பெயரை எழுதினாள். ஆனால் அப்பாவின் முகம் தெளியவில்லை. கையைக் கழுவினார். பிறகு, கழுவிய கையையே இன்னொரு முறை கழுவினார்.

"நான் போக வேண்டாம்னு பாக்கறேன்" என்றார். "அடுப்புக்குள்ள கேக் இருக்கறப்ப பாதியில கதவைத் திறந்தா என்ன ஆகும்?"

"நடுவுல அமுங்கிப் போயிடும்."

"அதேதான். சும்மா இருக்கறதைப் போய்த் தொடக் கூடாது. குத்தினா அது உடம்பெல்லாம் பரவிடும்னு மாவு கொண்டுவர்றவர் சொல்றாரு."

அப்பாவுக்குப் பயம் என்று அப்போதுதான் துருவிக்குத் தெரிந்தது. கொதிக்கிற தட்டை வெறும் துணியால் தூக்குகிற அப்பா. ஆனாலும் அவளுக்குக் கேள்வி நிற்கவில்லை.

"குச்சி குத்தினா கேக் அமுங்குதா அப்பா?"

"அது... இல்ல."

"குத்திப் பாக்காம என்னிக்காவது கொடுத்திருக்கீங்களா?"

அப்பா மூக்கைத் தேய்த்தார். மூக்கில் மாவு ஒட்டியது. "ஒரே ஒரு தடவை. பிறந்தநாள் கேக். மேல பாத்தா பொன்னாட்டம் இருந்துச்சு. அந்தப் பையன் வெட்டினதும் உள்ள இருந்து மாவு வழிஞ்சு, அவன் சட்டை, மேஜை, எல்லாம் கூழ்."

துருவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவும் லேசாகச் சிரித்தார்.

"ஆனா உடம்பு கேக் இல்லையே" என்றார் உடனே.

"இல்லதான். குத்தினா பரவுமான்னு எனக்குத் தெரியாது. மாவு மாமாவுக்கும் தெரியாது. தெரிஞ்சவங்ககிட்ட நாளைக்குக் கேப்போம். முதல்ல கேள்வி, அப்புறம் ஊசி. பதில் சரியா இல்லைன்னா வீட்டுக்கு வந்துடலாம்."

"வந்துடலாமா?"

"உங்க கழுத்துதானே."

அப்பா ஒரு கேக் பெட்டியின் மூடியைக் கிழித்து அவளிடம் நீட்டினார். துருவி அதில் ஏழு கேள்விகள் எழுதினாள். மூன்றாவது கேள்வி அப்பா சொன்னது. மற்றவை எல்லாம் அவளுடையவை.

காலையில் ஆஸ்பத்திரியில் ஒருவர் மாற்றி ஒருவராக வந்து அப்பாவின் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டார்கள். நான்காவது முறை நர்ஸ் கேட்டபோது, "அப்பா எங்கயும் மாறிப் போகலையே" என்றாள் துருவி.

"மாறிடக் கூடாதுன்னுதான் கேக்கறோம்" என்றார் நர்ஸ். போனில் கேட்ட அதே குரல். "சரி, கூட வந்திருக்கறது யாரு?"

"நான்தான்."

நர்ஸ் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே ஒரு தண்ணீர்க் குழாய் மட்டும் இருந்தது.

டாக்டருக்கு மூக்கின் நுனியில் கண்ணாடி. துருவி மூடியை எடுத்ததும் அவர் கண்ணாடியைத் தள்ளிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒண்ணொண்ணா கேளு. எனக்கும் கேள்வின்னா பிடிக்கும்."

"வலிக்குமா?"

"முதல்ல மரத்துப்போக ஒரு ஊசி போடுவோம். அது சுருக்குன்னு குத்தும், கொஞ்சம் எரியும். அப்புறம் அழுத்தற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். வலிச்சா உடனே சொல்லணும், பொறுத்துக்கிட்டு இருக்கக் கூடாது."

கடைசி வார்த்தைகளை அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

"ஏதாவது சத்தம் வருமா?"

டாக்டர் மேஜையிலிருந்த ஸ்டேப்ளரை எடுத்து 'டக்' என்று அழுத்தினார். "இந்த மாதிரி. அப்பா துள்ளிடாம இருக்க முன்னாடியே ஒரு தடவை கேட்டுக்கட்டும்."

மூன்றாவது கேள்விக்குத் துருவி வாயைத் திறந்தாள். அப்பா மெதுவாக, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே, தானே கேட்டார். "குத்தினா... அது பரவிடுமா டாக்டர்?"

"நிறைய பேருக்கு அந்தப் பயம் உண்டு. பாதிப் பேர் அதைக் கேக்காம மனசுக்குள்ளயே வச்சுக்குவாங்க. அப்படி ஆகறது ரொம்ப ரொம்ப அபூர்வம். அது என்னன்னு தெரியாம விட்டுடறதுதான் பெரிய ஆபத்து. இன்னொண்ணு, பயாப்சின்னு சொன்னதுமே கெட்டதுன்னு அர்த்தம் இல்ல. என்னன்னு பாக்கத்தான் எடுக்கறோம்."

அப்பா ஒரு பெருமூச்சு விட்டார்.

எடுத்த துணுக்கு எங்கே போகும்? பரிசோதனைக் கூடத்துக்கு. அங்கே என்ன செய்வார்கள்? மெல்லிசாகச் சீவி, சாயம் போட்டு, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். எப்போது தெரியும்? சுமார் ஒரு வாரம். "கூட ரெண்டு நாள் ஆனா பயந்துடாதீங்க. சில சமயம் வேற சாயம் போட்டு மறுபடி பாப்பாங்க." அப்புறம் அப்பா என்ன செய்யக் கூடாது? "ரெண்டு நாளைக்கு மாவு மூட்டை தூக்கக் கூடாது. ரத்தம் நிக்காம வந்தாலோ, வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே கூப்பிடணும்."

"ஏழும் முடிஞ்சுது" என்றாள் துருவி.

"எட்டு இருக்கே" என்றார் டாக்டர்.

துருவி மூடியைத் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் மாவுக் கட்டைவிரல் ரேகை ஒன்றும், அதன் பக்கத்தில் அப்பாவின் கோணல் எழுத்தும் இருந்தன. விடியற்காலையில் ரொட்டி போடும்போது எழுதியிருக்க வேண்டும். 'முடிவு சொல்லும்போது என் மகள் கூட இருக்கலாமா?'

"இருக்கலாம்" என்றார் டாக்டர். "இருக்கணும்."

துருவி அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"சரி, போடுங்க" என்றார் அப்பா.

துருவி வெளியே உட்கார்ந்தாள். கதவுக்கு அப்பால் 'டக்' என்று மூன்று முறை கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து நர்ஸ் ஒரு குட்டிப் புட்டியைக் கொண்டுவந்து காட்டினார். உள்ளே நூல் பிசிறுபோல மூன்று துணுக்குகள் மிதந்தன. புட்டியின் மேல் அப்பாவின் பெயரும் பிறந்த தேதியும் ஒட்டியிருந்தன. அவள் இரண்டையும் சரிபார்த்த பிறகுதான் நர்ஸ் அதை எடுத்துப் போனார்.

அம்மா ரயில் சீருடையோடு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தபோது, அப்பா கழுத்தில் வட்டமான ஒரு பிளாஸ்திரியோடு உட்கார்ந்திருந்தார்.

"ஓட்டை தெரியாம இருக்க மேல செர்ரி வச்சுட்டாங்க" என்றார்.

துருவிக்கு மட்டும்தான் அது புரிந்தது.

அந்த ஒரு வாரம் நத்தை மாதிரி நகர்ந்தது. மாவு மூட்டையை மாவு மாமாவே உள்ளே வரை சுமந்து வைத்தார். குத்தினால் பரவும் என்று சொன்ன உங்களுக்கு அதை யார் சொன்னார்கள் என்று துருவி அவரைத் துருவியெடுத்ததில், அவர் தேநீர் கூடக் குடிக்காமல் ஓடிப் போனார்.

எட்டாம் நாள் மூன்று பேரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். டாக்டர் தாளைப் பிரித்தார்.

"புற்றுநோய் இல்ல. பழைய தொற்றால வீங்கின நெறிக்கட்டு. மாத்திரை தர்றேன், ரெண்டு மாசம் கழிச்சு ஒரு தடவை வந்து காட்டுங்க."

அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் கண்கள் கலங்கியிருந்தன.

"வேற ஏதாவது கேக்கணுமா?" என்று டாக்டர் துருவியைப் பார்த்தார்.

துருவி மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பா கையை உயர்த்தினார். சட்டைப்பையிலிருந்து ஒரு முழுக் கேக் பெட்டியின் மூடியை எடுத்து விரித்தார். முன்னாலும் பின்னாலும் எழுத்து.

"முதல் கேள்வி, டாக்டர்" என்று ஆரம்பித்தார்.

வாழ்க்கையில் முதன்முறையாக, துருவி தன் முறைக்காகக் காத்திருந்தாள்.