சன்னலில் ஒட்டிய வெள்ளைத் தாள்

அம்மாவைப் பற்றி மாரிசெல்விக்குத் தெரியாத சங்கதி ஒன்றுகூடக் கிடையாது.

அம்மாவின் செருப்பு அளவு ஆறு. கத்தரிக்காய் சாப்பிட்டால் அம்மாவுக்குக் கை அரிக்கும். இடி இடித்தால் பயமில்லை, பல்லி கத்தினால்தான் பயம். ஆதார் அட்டையின் கடைசி நான்கு எண்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மாரி சொல்லிவிடுவாள்.

அப்பாவுக்கு லாரி ஓட்டும் வேலை. மாதத்தில் இருபது நாள் வடக்கே எங்கோ போய்க்கொண்டிருப்பார். தினமும் போன் செய்து மாரியிடம்தான் விசாரிப்பார்.

"தாயி, அம்மா மாத்திரை போட்டாளா? வெயில்ல குடை கொண்டு போனாளா?"

"போட்டுச்சுப்பா. கொண்டு போச்சுப்பா."

அம்மா அழகுத்தாய்க்குப் பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. ஆனால் அம்மாவின் விரல்களுக்கு எல்லாம் தெரியும். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் பேண்டேஜ் துணி செய்யும் ஒரு கம்பெனியில் அம்மாவுக்கு வேலை. ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற வெள்ளைத் துணியைத் தடவிப் பார்த்துச் சுருட்ட வேண்டும். எங்கேயாவது ஓர் இழை அறுந்திருந்தால் அம்மாவின் விரல் அங்கேயே நின்றுவிடும். கண் நன்றாகத் தெரிகிறவர்கள் கோட்டை விட்டதையும் அம்மா பிடித்துவிடுவாள்.

அன்றைக்குத் தேர்தல். மாரி படிக்கும் பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி.

காலை ஏழு மணிக்கே வரிசை வேப்பமரம் வரை நீண்டிருந்தது. மில்லில் இரவு வேலை முடித்து நேராக வந்தவர்கள், இடுப்பில் பிள்ளையோடு வந்தவர்கள், புதுச் சட்டை போட்டு வந்தவர்கள் என்று தெருவே அங்கேதான் இருந்தது. அவர்களுக்கு நடுவே பக்கத்து வீட்டு சுயம்புலிங்கம் மாமாவும் நின்றிருந்தார். அம்மாவைப் பார்த்ததும் கையை ஆட்டினார். அம்மாவுக்குக் கண் தெரியாது என்பது அவருக்கு அடிக்கடி மறந்துபோகும்.

"யக்கா! போன தடவ மாதிரி நானே கூட வந்து அமுக்கித் தாரேன்!"

"வேண்டாம் தம்பி. இந்தத் தடவ நானே போட்டுக்கிடுதேன்" என்றாள் அம்மா.

போன தேர்தலில் நடந்தது மாரிக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போதும் அப்பா ஊரில் இல்லை. சுயம்புலிங்கம் மாமாதான் துணைக்குப் போய் பட்டனை அமுக்கினார். கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் அவர் வாயில் எதுவும் தங்காது. சாயங்காலமே டீக்கடையில், "அழகுத்தாய் அக்கா ஓட்டு யாருக்குத் தெரியுமாலே? நான்தான அமுக்குனேன்" என்று ஆரம்பித்துவிட்டார்.

அது தெரு முழுக்கச் சுற்றி வீட்டுக்கு வந்தது. அன்றைக்கு அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

"வெளிய சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும்டி. நான் சொன்ன சின்னத்தத்தான் அவர் அமுக்குனாரா? அது எனக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டாள். அப்போது மாரிக்கு ஆறு வயது. இப்போது பதினொரு வயது.

வாசலில் நின்ற போலீஸ் அக்கா மாரியைத் தடுத்தார். பிறகு அம்மாவின் கையில் இருந்த வெள்ளைக் கோலைப் பார்த்தார். "மேஜ வரைக்கும் கூட்டிட்டுப் போ. அந்த அட்டத் தடுப்புப் பக்கம் மட்டும் போகக் கூடாது, சரியா?"

மாரி உள்ளே நுழைந்தாள்.

அது அவளுடைய ஆறாம் வகுப்பு அறை. இந்த மாதம் வரை சத்தமாக வாய்ப்பாடு சொன்ன இடம். இப்போது எல்லோரும் கோயிலுக்குள் வந்ததுபோல மெல்லப் பேசினார்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒருவர், விரலில் மை வைக்க ஒருவர், இயந்திரத்தைத் திறந்துவிட ஒருவர். மில் முதலாளியும் அதே வரிசையில்தான் வந்தார், மில்லில் குப்பை கூட்டும் ஆச்சியும் அதே வரிசையில்தான் வந்தார். இருவருக்கும் அதே மை, அதே ஒரு சொட்டு. மூலையில் ஓர் அட்டைத் தடுப்பு. அதற்குப் பின்னால் போகிறவர் தனியாகப் போனார். பீ...ப் என்று நீளமாக ஒரு சத்தம் கேட்டதும் திரும்பி வந்தார்.

இந்த ஊரை, இந்த நாட்டை யார் ஆளுவது என்று ஓடு ஒழுகும் இந்த அறையிலா முடிவு செய்கிறார்கள்? மாரி அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

நடு மேஜையில் இருந்தவர் சௌந்தரவல்லி டீச்சர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தேர்தல் வேலைக்கு வந்திருந்தார். அந்தச் சாவடிக்கு அவர்தான் தலைமை அலுவலர். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக இருவரையும் பார்த்தார்.

"வாங்கம்மா. துணைக்கு யார் வந்திருக்கா?"

"நான்தான் டீச்சர்" என்றாள் மாரி.

"உனக்கு எத்தனை வயசு?"

"பதினொண்ணு. வார ஆவணியில பன்னெண்டு."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. "துணைக்குப் போறவங்களுக்குப் பதினெட்டு ஆகியிருக்கணும் கண்ணு. இன்னும் நிறைய ஆவணி இருக்கு."

"நான் இருக்கேன் டீச்சர்!" என்று வாசலில் இருந்து சுயம்புலிங்கம் மாமாவின் குரல் வந்தது.

"துணைக்கு வர்றவர் ரகசியத்தை வெளியே சொல்ல மாட்டேன்னு எழுதிக் கொடுக்கணும்" என்றார் டீச்சர்.

மாமாவுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

அம்மா கோலை ஊன்றி நேராக நின்றாள். "டீச்சர், எனக்குப் புள்ளி எழுத்து தெரியும். பாளையங்கோட்டையில விடுதியில தங்கிப் படிச்சேன். மெஷின்ல பட்டனுக்குப் பக்கத்துல புள்ளியில நம்பர் இருக்கும்ல? எந்த நம்பர்ல யாரு நிக்கான்னு எங்களுக்குன்னே ஒரு தாளு அனுப்புவாங்கன்னு ரேடியோவுல சொன்னாவ. அதத் தாங்க. படிச்சிட்டு நானே போடுதேன்."

டீச்சர் சட்டென்று நிமிர்ந்தார். "ஆமாம்மா. பிரெய்ல் தாள். நேத்து கட்டைப் பிரிக்கும்போது இருந்துதே. பிரேம்குமார், அதை எடுங்க."

மை வைக்கும் பிரேம்குமார் சார் பைகளைக் கவிழ்த்தார். படிவங்கள் வந்தன. மெழுகுவர்த்தி வந்தது. அரக்கு வந்தது. நூல்கண்டு வந்தது. காலையில் பாதி கடித்த வடை ஒன்றும் வந்தது. தாள் வரவில்லை.

"இல்லையே மேடம்" என்றார் அவர், வடையை மறைத்துக்கொண்டு.

வரிசை முணுமுணுக்கத் தொடங்கியது. "எம்புட்டு நேரம்? வேலைக்குப் போக வேண்டாமா?" என்று யாரோ கேட்டார்கள்.

டீச்சர் தயங்கினார். "வேணும்னா வெளியே ஒட்டியிருக்கிற பட்டியலைப் பாப்பா உங்களுக்குப் படிச்சுச் சொல்லட்டுமா?"

மாரிக்குக் காது சூடாகிவிட்டது. எல்லோரும் தங்களையே பார்ப்பது போலிருந்தது. அம்மாவின் காதில் கிசுகிசுத்தாள். "எம்மா, நான் படிச்சுச் சொல்லுதேன். இல்லன்னா மாமாவே அமுக்கட்டும். போயிருவோம்மா. எல்லாரும் ஏசுதாக."

அம்மா குனிந்து மெல்லப் பேசினாள். "ஏட்டி, நீ படிச்சாச் சரியாத்தான் இருக்கும். ஆனா இங்க நிக்க அம்புட்டுப் பேரும் கடைசியா ஒருதரம் தாங்களே பாத்துட்டுத்தான் அமுக்குவாவ. எனக்கும் அது வேணும். எனக்குன்னு ஒரு தாளு இம்புட்டுத் தூரம் வந்திருக்குல்லா? நான் போயிட்டா அது யாருக்கு?"

பிறகு நிமிர்ந்து எல்லோருக்கும் கேட்கும்படி, "செத்த நேரம் தேடுங்க டீச்சர். நான் நிக்கேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. ஆனால் நகர்வதாகவும் இல்லை.

மாரிக்கு வெட்கம் போய்விட்டது. அம்மா நிற்கும்போது தானும் நிற்க வேண்டியதுதான் என்று தோன்றியது. அந்தத் தாள் எங்கே போயிருக்கும்? அவள் தன் வகுப்பைச் சுற்றும் முற்றும் பார்த்தாள். கரும்பலகை. மேலே ஆணியில் கோணலாகத் தொங்கும் வரைபடம். அட்டைத் தடுப்புக்கு மேலே சன்னல்.

அந்தச் சன்னலின் கதவு அரைப்பரீட்சை நேரத்தில் பந்து பட்டு உடைந்தது. அடித்தது யார் என்று மாரிக்குத் தெரியும். அவள்தான். அதனால் அந்தச் சன்னல் அவள் கண்ணில் படாமல் போகாது. இன்றைக்கு அங்கே வெளியிலிருந்து யாரும் எட்டிப் பார்க்காதபடி செய்தித்தாள் ஒட்டியிருந்தார்கள். நடுவில் மட்டும் ஒரு கெட்டியான வெள்ளைத் தாள். அதன் மேல் ஒரு வரி எழுத்துகூட இல்லை.

அப்போது வெயில் வேப்பமரத்துக்கு மேலே ஏறியது. வெளிச்சம் நேராக அந்தத் தாளின் பின்னால் விழுந்தது.

வெறும் தாளில் புள்ளிகள் எழுந்தன. ஒன்று, இரண்டு அல்ல. வரிவரியாக, நூற்றுக்கணக்கில். கறுத்துப்போன செய்தித்தாள்களுக்கு நடுவே அந்தத் தாள் முழுக்கச் சின்னச் சின்னதாக மின்னியது. அந்தப் புள்ளிகளை மாரி தவழ்ந்த நாளிலிருந்து பார்க்கிறாள். வீட்டில் அம்மாவின் பழைய புத்தகங்கள் எல்லாம் அப்படித்தான் இருக்கும்.

"டீச்சர்! அந்தா இருக்கு! சன்னல்ல!"

எல்லோரும் திரும்பினார்கள்.

"அது வெறும் தாள் பாப்பா" என்றார் பிரேம்குமார் சார். "கட்டுக்கு அடியில வெச்சு வந்த அட்டைன்னு நெனச்சேன். கெட்டியா இருந்துச்சு, ஒட்டிட்டேன். யாரும் எட்டிப் பாத்துரக் கூடாதுல்ல?"

"வெறும் தாள் இல்ல சார். அது நமக்குத்தான் வெறும் தாளு. எங்கம்மா கையில குடுத்துப் பாருங்க."

டீச்சர் எழுந்தார். தானே போய் நான்கு மூலையையும் நகத்தால் சுரண்டித் தாளை எடுத்தார். ஒட்டுப் பட்டைக்கு அடியிலிருந்து தேர்தல் ஆணையத்தின் சின்ன முத்திரை எட்டிப் பார்த்தது. ஒருவர் ஓட்டின் ரகசியத்துக்காக வந்த தாள், ஊருக்கே ரகசியம் காத்துக்கொண்டு சன்னலில் இருந்திருக்கிறது. டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அந்த ஓட்டையில் தன் பூப்போட்ட குடையை விரித்துச் செருகிவிட்டு வந்தார். வரிசையில் ஒரு பிள்ளை கைதட்டியது.

அம்மா தாளை வாங்கினாள். மேலாக ஒருதரம் தடவினாள்.

"தலைகீழா இருக்கு" என்று திருப்பினாள்.

பிரேம்குமார் சார் தரையைப் பார்த்தார். "மன்னிச்சிருங்கக்கா."

"அதுக்கென்ன. நீங்க எழுதுதத எனக்குப் பாக்கத் தெரியாதுல்லா, அது மாதிரிதான" என்றாள் அம்மா.

அம்மாவின் வலது ஆள்காட்டி விரல் முதல் வரியில் இறங்கியது. மெதுவாக நகர்ந்தது. ஒரு பெயர். அடுத்த பெயர். பேண்டேஜ் துணியில் இழை தேடும் அதே விரல். முணுமுணுத்த வரிசை தானாக அடங்கிவிட்டது. வேலைக்கு நேரமாகிறது என்றவரும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினான்கு பெயர்களையும் அம்மா படித்தாள். ஒன்றைக்கூட விடவில்லை.

"படிச்சாச்சு டீச்சர்."

கையெழுத்துப் போட்டாள். இடது கையை நீட்டினாள். மை பட்டதும், "சில்லுன்னு இருக்கு" என்று சிரித்தாள். பிரேம்குமார் சார் அட்டைத் தடுப்பு வரை கூட்டிக்கொண்டு போய், அம்மாவின் கையை மேஜை விளிம்பில் வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

இப்போது அங்கே அம்மா மட்டும்தான். மாரிக்குத் தடுப்புக்குக் கீழே அம்மாவின் கால்கள் தெரிந்தன. ஆறாம் எண் செருப்பு. குதிகால் லேசாக எழும்பியது. அம்மா தேடுகிறாள். மாரி தன் பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பீ...ப்.

அந்தச் சத்தத்தை மாரி காலையிலிருந்து எத்தனையோ தரம் கேட்டுவிட்டாள். இந்த ஒன்று மட்டும் அவள் நெஞ்சுக்குள் கேட்டது. கண்ணில் நீர் வந்துவிட்டது. ஏன் என்று அவளுக்கே புரியவில்லை. சௌந்தரவல்லி டீச்சரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் சுயம்புலிங்கம் மாமா ஓடி வந்தார். "யக்கா, யாருக்குப் போட்டிய?"

"போன தடவ எல்லாருக்கும் நீங்க சொன்னிய. இந்தத் தடவ யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்" என்றாள் அம்மா. மாமா தலையைச் சொறிந்துகொண்டு, "அதுஞ் சரிதான்க்கா" என்று மறுபடி வரிசைக்குப் போனார்.

வீட்டுக்கு நடக்கும்போது மாரி அம்மாவின் தோளை இடித்தாள். "எம்மா, எங்கிட்ட மட்டும் சொல்லும்மா. நான்தான தாளக் கண்டுபிடிச்சேன்?"

"ஆமா, நீதான். அதுக்கு உனக்குச் சேமியா பாயசம் வெச்சுத் தாரேன்."

"அப்போ ஓட்டு யாருக்குன்னு?"

"பாயசம் மட்டும்தான்டி."

மாரி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு நடந்தாள். அப்படி ஒரு சிரிப்பை மாரி இதற்கு முன் பார்த்ததில்லை. அதைப் பார்த்த பிறகு அவளுக்கு மேலே கேட்கத் தோன்றவில்லை.

சாயங்காலம் அப்பாவின் போன் வந்தது.

"தாயி, அம்மா ஓட்டுப் போட்டாளா?"

"போட்டுச்சுப்பா. தானே, தனியா போட்டுச்சு!"

"அட! யாருக்குப் போட்டாளாம்?"

மாரிசெல்வி பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். தெருவுக்கே கேட்கிற குரலில் பெருமையாகச் சொன்னாள்:

"எனக்குத் தெரியாதுப்பா!"