இடம் விடும் படம்

படம் சுவரின் இடது பக்கத்தைத் தொடவே இல்லை. வலது பக்கம் மூலை வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது, மேலும் கீழும் அளவாக நின்றது, இடது பக்கம் மட்டும் ஓர் ஆள் நிற்கிற அகலத்துக்குச் சுவர் இருட்டாகக் கிடந்தது. அவள் புரொஜெக்டரைக் கொஞ்சம் திருப்பி வைத்தாள். அது உள்ளுக்குள் கிர்ர் என்று லென்ஸைச் சுழற்றி யோசித்தது, படத்தைச் சுருக்கியது, விரித்தது, கடைசியில் அதே இடத்தை விட்டுவிட்டு வலது பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

"வந்த அன்னைக்கே இவ்வளவு திமிரா உனக்கு?" என்றாள்.

புதுச் சாமான்களோடு அவள் அப்படித்தான் பேசுவாள். பழைய சாமான்களோடு சண்டையே போடுவாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களை "நேரா நில்லுங்க, மூச்சை அடக்குங்க, அசையாதீங்க" என்று விரட்டி விரட்டி, வீட்டுக்கு வந்தாலும் நாக்கு அடங்காது.

இந்தப் புரொஜெக்டர் அவளுக்காக வாங்கியது இல்லை. கணவனை விட்டுப் பிரிந்தபோது கையில் வீடும் இல்லை, தெம்பும் இல்லை. மகளைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்வதாக அண்ணன் சொன்னான். இப்போது அவளுக்கு மாடியில் ஒரு ஹாலும் ஒரு படுக்கையறையுமாகச் சொந்தச் சாவியில் வீடு இருந்தது. ஆனாலும் அண்ணன் விடவில்லை. "உன்னால தனியா முடியாதும்மா. வாண்டு இங்கயே வளரட்டும்" என்றான். எட்டு வயது வாண்டும் போன தடவை வந்தபோது ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்க ஒண்ணுமே இல்லம்மா. மாமா வீட்ல எவ்ளோ பெரிய டிவி இருக்கு" என்று உதட்டைப் பிதுக்கியது. பெற்ற வயிறு எரிந்தது. பெரிய சண்டைக்குப் பிறகு ஒரு பேச்சு முடிவானது. இந்த வாரம் சனி, ஞாயிறு அம்மாவோடு இருக்கட்டும். ஞாயிறு சாயங்காலம் அண்ணன் வருவான். எங்கே இருக்கப் போகிறாய் என்று வாண்டையே கேட்பார்கள். வாண்டு சொல்வதுதான் முடிவு.

அண்ணன் வீட்டு டிவி மாதிரி வாங்க அவளுக்குக் கட்டுப்படியாகாது. அதைவிடப் பெரிய படம் காட்டுகிற புரொஜெக்டர் கட்டுப்படியாகும். கடைக்காரர் நேர்மையான மனிதர்.

"அட்டையில போட்டிருக்கிற வெளிச்சக் கணக்கை நம்பாதீங்க மேடம். பாதிக்கு மேல ரீல்" என்று சொல்லி, இரண்டை மேஜைமேல் வைத்தார். இரண்டும் ஒரே விலை. ஒன்றில் வெளிச்சம் தூக்கல், ஆனால் படத்தின் மூலைகளைக் கையாலேயே இழுத்து நேராக்க வேண்டும். இன்னொன்று கொஞ்சம் மங்கல், ஆனால் எல்லாவற்றையும் தானே சரிசெய்துகொள்ளும்.

"சுவத்துல போட்டோ, கடிகாரம், சுவிட்ச் போர்டு எது இருந்தாலும் அது மேல படாம தானா ஒதுங்கிக்கும். மரியாதை தெரிஞ்ச மிஷின்."

வாண்டு தானே போட்டுப் பார்க்கலாமே என்று இரண்டாவதை எடுத்தாள். ஜன்னலுக்குக் கனத்த கறுப்புத் திரையும் வாங்கினாள்.

இப்போது அந்த மரியாதை தெரிந்த மிஷின் வெறும் சுவருக்கு ஒதுங்கிக்கொண்டிருந்தது. அவள் சுவரைத் தடவிப் பார்த்தாள். பழைய ஆணி ஒன்று இருந்தது. பிடுங்கினாள். ஈரத்துணியால் முழுச் சுவரையும் துடைத்தாள். மறுபடி போட்டாள். மிஷின் யோசித்தது. ஒதுங்கியது.

மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாள். கடைச் சுவரில் படம் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் ஜம்மென்று விழுந்தது. கடைக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று வேறொன்றை மாற்றிக் கொடுத்தார். அதுவும் வீட்டுக்கு வந்ததும் இடது பக்கத்தை விட்டுவிட்டுத்தான் நின்றது. அவள் போன் போட்டாள்.

"அப்போ சுவத்துலதான் ஏதோ இருக்கு மேடம்."

"சுண்ணாம்பு இருக்கு. அது மேல பெயிண்ட் இருக்கு. வேற என்ன இருக்கணும்ங்கிறீங்க?"

கடைக்காரர் கொஞ்சம் தயங்கினார். "அந்த ஒதுங்குற வசதியை ஆஃப் பண்ணிப் பாருங்க."

ஆஃப் பண்ணினாள். படம் சட்டென்று சுவர் முழுக்க விரிந்தது. அப்பாடா என்று சோபாவில் சாய்ந்தாள். ஏதோ ஒரு படம் ஓடியது, கீழே எழுத்து ஓடியது. அந்த எழுத்து வரிசை இடது பக்கத்தில் மட்டும் நேராக இல்லை. தொங்குகிற துணியின் மடிப்பில் விழுந்தது போல ஓரிடத்தில் வளைந்து, உப்பி, பிறகு சுவருக்குத் திரும்பி நேரானது. திரையில் சிரித்த பெண்ணின் கன்னமும் அதே இடத்தில் உப்பி வளைந்தது. வெளிச்சம் சுவர் வரைக்கும் போகவில்லை. சுவருக்கு முன்னாலேயே எதன் மீதோ விழுந்துகொண்டிருந்தது.

அவள் எழுந்து போய்க் கையை நீட்டினாள். விரல் சுவரைத் தொட்டது. நடுவில் எதுவும் தடுக்கவில்லை. ஆனால் கை போன வழியெல்லாம் சில்லென்றிருந்தது. சரியாகக் காயாமல் அலமாரிக்குள் மடித்து வைத்த துணியின் முடை நாற்றம் மூக்கில் ஏறியது. பின்னால் மிஷினுக்குள் சுற்றுகிற சின்ன விசிறியின் சத்தம் ஒரு கணம் அமுங்கி, பிறகு தெளிந்தது. முன்னால் யாரோ குறுக்கே போனால் அப்படித்தான் கேட்கும்.

அந்த வசதியை மறுபடி ஆன் பண்ணினாள். படம் ஒதுங்கிக்கொண்டது. அது ஒதுங்கி நிற்பதே மேல் என்று இருந்தது அவளுக்கு.

பயம் உண்டுதான். பொய் சொல்வானேன்? அன்று விளக்கை அணைக்காமல்தான் படுத்தாள். ஆனால் யாரிடம் சொல்வது? அண்ணனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தங்கச்சிக்கு மண்டை குழம்பிவிட்டது என்று வாண்டை நிரந்தரமாக வைத்துக்கொள்வான். புரொஜெக்டரை மூட்டை கட்டிப் பரணில் போடலாம். போட்டால்? ஹாலில் நிற்பது எங்கே இருக்கிறதென்று தெரியாமல் போகும், அவ்வளவுதான். படம் எடுக்கவில்லை என்பதற்காக எலும்பு முறியவில்லை என்று ஆகிவிடுமா?

வெள்ளிக்கிழமை வேலையில், இருமிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எக்ஸ்ரே தட்டிலிருந்து தள்ளி நின்றார். தினமும் நூறு பேரிடம் சொல்வதை அவரிடமும் சொன்னாள்.

"நெஞ்சை ஒட்டி வச்சு நில்லுங்கய்யா. மிஷின் பக்கம் தள்ளி வந்தா நிழல் பெருசா விழும்."

சொல்லி முடித்ததும்தான் அவளுக்கு உறைத்தது. திங்கட்கிழமை படத்தில் ஓர் ஆள் அகலத்துக்குத்தான் இடம் காலி. நேற்று இரண்டு ஆள் அகலம். ஒரே வாரத்தில் எதுவும் அவ்வளவு பெருத்துவிடாது. அது பெருக்கவில்லை. மிஷின் பக்கம் வந்துகொண்டிருந்தது. மிஷினுக்குப் பின்னால்தான் சோபா.

வீட்டுக்குப் போனதும் கறுப்புத் திரையை இழுத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஹால் நடுவில் நின்றாள்.

"இந்தா, நல்லாக் கேட்டுக்கோ. இந்த வீட்டுக்கு வாடகை கட்டறது நான். நாளைக்கு என் பொண்ணு வரா. உன் வேலையை எல்லாம் இங்க காட்டாத. நான் எதுக்கும் அசையுற ஆள் இல்ல."

அந்த முடை நாற்றம் மட்டும் கொஞ்சம் கூடின மாதிரி இருந்தது.

சனிக்கிழமை வாண்டு வந்தது. சுவரில் பாதிக்கு மேல் இருட்டாக இருந்தும், கிடைத்த படத்தைப் பார்த்துக் குதித்தது. "மாமா டிவியை விடப் பெருசும்மா!" என்று கத்தியது. அந்த ஒரு கத்தலுக்கு அவள் இன்னும் பத்துப் புரொஜெக்டர் வாங்குவாள்.

"ஏம்மா இந்தப் பக்கம் காலியா இருக்கு?"

"மிஷின் அப்படித்தான்."

வாண்டு தலையைச் சாய்த்துப் பார்த்தது. "யாருக்கோ வழி விடுதும்மா."

அன்று இரவு படுக்கையறையில் மகளைச் சுவர்ப் பக்கம் படுக்க வைத்து, குறுக்கே தான் படுத்துக்கொண்டாள். அண்ணன் போன் பண்ணினான்.

"என்ன, புள்ள பயப்படறாளா? சொல்லு, இப்பவே வந்து கூட்டிட்டுப் போறேன்."

"எங்க வீட்ல பயப்பட என்ன இருக்கு? நாளைக்குச் சாயங்காலம் வாண்ணா" என்று வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் திரையை இழுத்து மூடினாள். வெளியே வெயில் கொளுத்தியது, தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார்கள், கீழ் வீட்டில் பாத்திரம் கழுவுகிற சத்தம். ஹாலுக்குள் மட்டும் சில்லென்று, அந்த ஈரத்துணி நாற்றத்தோடு, தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கினது போல இருட்டு. வாண்டு சோபாவின் ஒரு கோடியில் கால்களை மடக்கி உட்கார்ந்து பொத்தானை அழுத்தியது. மிஷின் யோசித்தது. வழக்கத்தைவிட அதிக நேரம் யோசித்தது.

படம் சுவரின் மேல் வலது மூலையில், ஒரு நோட்டுப் புத்தக அளவுக்கு விழுந்தது.

மீதிச் சுவர் முழுக்க இருட்டு. அது லென்ஸுக்கு நேர் முன்னால் வந்துவிட்டது. சோபாவிலிருந்து கையை நீட்டினால் எட்டுகிற தூரம்.

"ஒண்ணுமே தெரியலம்மா" என்றது வாண்டு. குரல் உடைந்தது. "மாமா வீட்லயே இருந்திருக்கலாம்."

அவ்வளவுதான். அதுவரை அடக்கி வைத்திருந்த பயம் அப்படியே பற்றிக்கொண்டு கோபமாக எரிந்தது. இத்தனை வருஷம் புருஷன் சொன்னான், அண்ணன் சொன்னான், உன்னால் முடியாது என்று. இப்போது முகம்கூட இல்லாத ஒன்று வந்து, அவள் ஹாலில், அவள் மகளுக்கு முன்னால் நின்றுகொண்டு அதையே சொல்கிறது.

எழுந்தாள். மிஷின் இருந்த மேஜையைச் சுற்றிப் போனாள். அது நிற்கிற இடத்துக்கே போனாள்.

குளிர். பல் கிட்டியது. நாற்றம் தொண்டைக்குள் இறங்கியது. காது அடைத்தது. கண் முன்னால் ஒன்றுமில்லை. ஆனால் நெற்றிமேல் ஏதோ மெல்ல ஊதியது. ஈரமாக. அவளைவிட உயரத்திலிருந்து.

அவள் காலை நகர்த்தவில்லை.

"தள்ளு" என்றாள்.

ஊதுவது நிற்கவில்லை.

"என் பொண்ணு படம் பார்க்கணும். மறைக்காம தள்ளுன்னு சொல்றேன்ல?"

ஊதியது நின்றது.

அவள் விலகி நின்று மகளின் கையிலிருந்த ரிமோட்டை வாங்கி அழுத்தினாள். கிர்ர். படம் ஒரு சாண் நகர்ந்தது. இன்னொரு சாண். மூலையிலிருந்து இறங்கி, அகலமாகி, நடுச் சுவரைத் தாண்டி, ஒரு வாரமாகத் தானாகப் போகாத இடது ஓரத்துக்குப் போய், மூலையைத் தொட்டு நின்றது. சுவர் முழுக்க நீல வானமும் பனிமலையும் அதில் ஓடுகிற கரடிக்குட்டியும்.

"ஐயோ! எவ்ளோ பெருசு!" வாண்டு கை தட்டியது.

அவள் சோபாவின் மறுகோடியில் பொத்தென்று உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது. கேட்டால் தள்ளிக்கொள்கிறது, பார்! இத்தனை நாள் அதட்டிக் கேட்க ஆள் இல்லாமல் நின்றிருக்கிறது. அண்ணன் வரட்டும். முழுச் சுவரையும் காட்டுவாள்.

கரடிக்குட்டி பனியில் சறுக்கியது. மிஷினின் விசிறி சீராகச் சுற்றியது. கொஞ்ச நேரத்தில் வாண்டின் குரல் தூக்கத்தில் குழைந்து வந்தது.

"ம்மா... மாமா வந்தா போகச் சொல்லிடு. நாங்க இங்கயே இருக்கோம்."

இதற்குத்தானே இத்தனையும். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"நாங்க இல்லடி மக்கு. அம்மாவையும் சேர்த்துச் சொன்னா, நாம."

"தெரியும்மா" என்று கொட்டாவி விட்டது வாண்டு. "நாங்கதான்."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

நாற்றம் போகவில்லை.

முன்னாலிருந்து வரவில்லை. பக்கத்திலிருந்து வந்தது.

மெதுவாகத் திரும்பினாள். சோபாவின் அந்தக் கோடியில் மகள். இந்தக் கோடியில் அவள். நடுவில் யாரும் இல்லை. நடு மெத்தை ஆழமாக அமுங்கியிருந்தது.

எழுந்து ஓடவில்லை. ஓட மாட்டாள். அந்தப் பக்கம் இருப்பது அவள் பிள்ளை.

"அவளை விடு" என்றாள். குரல் வந்ததா என்று தெரியவில்லை.

சுவர் நிறைய வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் எல்லாம் துலக்கமாகத் தெரிந்தது. வாண்டு தூங்கிவிட்டிருந்தது. தலை இந்தப் பக்கமாகச் சாய்ந்து, ஒரு பெரிய ஆளின் தோள் உயரத்தில், ஒன்றும் இல்லாத இடத்தில் நிம்மதியாகக் கிடந்தது. கன்னம் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. நெற்றியில் விழுந்திருந்த முடிக்கற்றை மெல்லத் தானே எழுந்து, காதுக்குப் பின்னால் போய், பத்திரமாகச் செருகிக்கொண்டது.