இரண்டாவது தொட்டி

தொட்டியில் தண்ணீர் மறுபடியும் இரண்டு விரல் குறைந்திருந்தது.

நேற்று மாலைதான் லோகேஷ் உப்புத்தண்ணீர் கலக்கி, கண்ணாடியில் ஒட்டியிருந்த பச்சை டேப் வரை நிரப்பியிருந்தான். கடல்நீர்த் தொட்டி என்றால் ஆவியாகத்தான் செய்யும், அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் ஆவியாகிப் போனால் உப்பு தங்கிவிடும், மிச்சத் தண்ணீரில் கரிப்பு ஏறும். ஏறவில்லை. இரண்டு தரம் அளந்துவிட்டான். தண்ணீர் தன் உப்பையும் கூடவே எடுத்துக்கொண்டு போயிருந்தது. குனிந்து தரையைத் தடவினான். சொட்டு ஈரம் இல்லை. இது நான்காவது நாள்.

வெளியே பிள்ளையார்பாளையத்தில் ஐப்பசி மழை காலையிலிருந்து விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தது. பகல் மூன்று மணிக்கே வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டிய இருட்டு, அந்த நேரம் பார்த்து மின்சாரமும் போய்த் தொலைந்தது. பம்பு நின்றதும் தொட்டியின் முணுமுணுப்பு அடங்கி, பாவுக்குப் போட்ட கஞ்சியின் புளித்த வாடையோடு அடுத்த அறையிலிருந்து தறிச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அவன் மனைவி சத்யப்ரியா நெய்துகொண்டிருந்தாள். ஐந்து மாதம் தறிப் பக்கமே போகாதவள், இந்த நான்கு நாளாகத் தறிக்குழியை விட்டு எழுந்திருப்பதே அபூர்வமாக இருந்தது.

அதில் அவனுக்குச் சந்தோஷம்தான். சந்தோஷம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான்.

மாசியில் அவள் வயிற்றில் ஆறு மாதத்துக் குழந்தை அசைவதை நிறுத்தியது. அதன்பின் அவளைக் கொஞ்சமாவது மீட்டது முதல் தொட்டிதான். ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள், நாலைந்து நத்தைகள், கையளவு பவளம். தறியிலிருந்து எழுந்து வந்து தண்ணீருக்குள் விரலை விடுவாள். மீன்கள் வந்து கொத்தும். அவள் சிரிப்பாள். பிறகு ஒரே வாரத்தில் நத்தைகள் உதிர்ந்தன, பவளம் கரைந்து கூழானது, கடைசியில் மீன்களும் பக்கவாட்டில் மிதந்தன. அவள் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

காரணத்தைக் கண்டுபிடிக்க அவனுக்கு ஒரு மாதம் பிடித்தது. ஜரிகையில் செம்பு இருக்கிறது. மீனை விடப் பவளத்துக்கும் நத்தைக்கும் செம்பு கொடிய விஷம், துளி போதும். நாளெல்லாம் ஜரிகை தொட்ட விரல் அது. இரண்டாவது தொட்டிக்காகப் போட்ட நோட்டில் அதைத்தான் முதல் பாடமாக எழுதினான்; எழுதிவிட்டு, தான் சேலைக்கு வரையும் டிசைன் தாள்களுக்கு அடியில் நோட்டை ஒளித்து வைத்தான். அவள் தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொள்ள ஏற்கனவே ஒரு காரணம் இருந்தது. இன்னொன்றைக் கொடுக்க அவனுக்கு மனமில்லை.

இரண்டாம் பாடம், அவசரப்படக் கூடாது. மூன்றாம் பாடம், கடலிலிருந்து எதையும் நேராகக் கொண்டுவந்து போடக் கூடாது. காய்ந்த கல் மட்டும்தான், ஏனென்றால் கல்லின் பொந்துக்குள் எது ஒளிந்து வருமென்று யாராலும் சொல்ல முடியாது. அடிக்கோடு போட்டு எழுதியிருந்தான். நான்கு வாரம் அந்தக் காய்ந்த கற்களின் மேல் பழுப்புப் பாசிதான் படர்ந்தது. தினமும் காலையில் அவள் வந்து நின்று, அந்த ஒரு கேள்விக்காக மட்டும் வாய் திறப்பாள்.

"உசுரு எப்பங்க வரும்?"

எத்தனை நாள்தான் தாங்குவான்? போன வாரம் கோவளத்தில் நண்பன் ஜோசுவா, வலையில் வந்தது என்று ஒரு கல்லைக் கொடுத்தபோது வாங்கிக்கொண்டான். இளஞ்சிவப்புக் கல். சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு உடம்பெல்லாம் பொந்து.

இப்போது அந்தக் கல்லைப் பார்த்தான். ஒரு பொந்திலிருந்து ஏதோ வெளியே நீண்டிருந்தது.

நூல்.

பட்டிழையை விட மெல்லியது. கண்ணாடி விளிம்பில் ஏறி, தொட்டிக்குப் பின்னால் சுவரோரமாக ஓடி, கதவிடுக்கு வழியே தறி அறைக்குள் போயிருந்தது. நூல் நிறைந்த வீட்டில் இன்னொரு நூலை யார் பார்ப்பார்கள்? கண் பழகியதும் இன்னொன்று தெரிந்தது. அதன் பக்கத்தில் பத்து. இருபது. ஒவ்வொன்றின் மேலும் தண்ணீர் மணி மணியாக, ஒரே திசையில், நிதானமாக ஊர்ந்துகொண்டிருந்தது. ஒன்றைத் தொட்டு விரலை நாக்கில் வைத்தான். உப்பு.

போனை எடுத்து ஜோசுவாவைக் கூப்பிட்டான்.

"டேய், அந்தக் கல்லு எப்டிடா வந்துது?"

"இன்னா மச்சான், சொன்னேனே. கிழிஞ்ச வலைல மாட்டிக்கினு வந்துது." மறுமுனையில் ஜோசுவா கொஞ்சம் தயங்கினான். "ஒண்ணு மட்டும் சொல்லல. நீ சிரிப்பன்னுதான். வலைய மேல இஸ்தப்போ கிழிசலே இல்ல. யாரோ நெய்ஞ்சு வுட்ட மாதிரி அடைஞ்சிருந்துது. அதுக்குள்ள மீனுங்க... கண்ணியோட கண்ணியா, மச்சான். உசுரோட. பிரிக்கவே முடில."

லோகேஷ் போனை அணைக்கக்கூட இல்லை. கதவைத் தள்ளினான்.

சத்யப்ரியா குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தாள். முகம் தெளிவாக இருந்தது. அத்தனை மாதமாக அவன் ஏங்கிய முகம்.

"ப்ரியா, இந்த நூலு..."

"அதுவாங்க? கீழ இழை அறுந்து கிடந்துது. எடுத்துப் பாவோட பிணைச்சு வுட்டேன்." கை நிற்கவில்லை. "தெனம் நாலஞ்சு கிடக்குதுங்க. எல்லாத்தையும் பிணைச்சுட்டேன்."

பிணைத்திருப்பாள். அறுந்த இழையைக் கண்டால் அவள் விரல் கேட்டுக்கொண்டா செய்யும்? பேச்சு ஒரு பக்கம், சமையல் ஒரு பக்கம் இருக்கும்போதே இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கிவிடும். பத்து வயதிலிருந்து பழகிய விரல். எது எங்கிருந்து வருகிறது என்று அது பார்ப்பதில்லை.

குழிக்குள் எட்டிப் பார்த்தான். தண்ணீர். அவள் கணுக்கால் மூழ்கும் அளவுக்கு. பாவிலிருந்து ஒவ்வொரு துளியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. நான்கு நாளாக அவன் ஊற்றிய உப்புத்தண்ணீர்.

"எழுந்திரு. ப்ரியா, எழுந்திருமா!"

கத்தரியை எடுத்து ஒரு இழையை வெட்டினான். அவள் அலறினாள்.

வெட்டிய முனையில் சிவப்பாக ஒரு துளி. அவள் கைகளைப் பிடித்துத் திருப்பினான். நூல் உரசி உரசி வெடித்திருந்த விரல்நுனிகள். ஒவ்வொரு வெடிப்புக்குள்ளும் ஈரமான ஓர் இழை போயிருந்தது. முழங்கை வரை, தோலுக்கடியில், வரி வரியாக.

செம்பு.

அவன் ஓடினான். சுற்றி வைத்த ஜரிகைக் கண்டு ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு, தொட்டிக்குத் தாவினான். துளி போதும். அவனே எழுதியதுதான். ஜரிகையின் முனையைத் தண்ணீரில் விட்டான்.

கல்லின் பொந்துகள் எல்லாம் ஒரே சமயத்தில் சுருங்கின.

அடுத்த அறையில் அவள் கத்தினாள். பிரசவ அறையில் அன்று கேட்ட அதே கத்தல்.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். கத்தல் நின்றது. பொந்துகள் மெல்லத் திறந்தன. ஜரிகைக் கண்டு அவன் கையிலேயே இருந்தது. போட்டால் அது சாகும். அவளும். போடாவிட்டால்? அவனுக்குத் தெரியவில்லை. கடவுளே, அவனுக்கு எதுவுமே தெரியவில்லை. கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான்.

"போட்டுடாதீங்க." அவள் குரல் களைத்திருந்தது, ஆனால் கோபமில்லை. "போன தடவ என் கையால எல்லாம் செத்துச்சுல்ல. நோட்டுல எழுதி வச்சிருக்கீங்களே. படிச்சேன்."

கண்ணாடியிலிருந்து நெற்றியை எடுத்தான்.

"இங்க வாங்க. வந்து பாருங்களேன்."

கண்டைக் கீழே வைத்தான். போனான்.

தறி ஓடவில்லை. மழைச் சத்தம் மட்டும். அவள் மடிக்கு முன்னால், நெய்த துணியைச் சுற்றி வைத்திருந்த படமரம் ஒரு பக்கம் புடைத்திருந்தது. ஈரப் பட்டு. அரக்கு நிறம்.

புடைப்பு ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

"உசுரு வந்துடுச்சுங்க," என்றாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு சிரித்தாள். வாய்விட்டு.

அவன் மண்டியிட்டான். பட்டுக்கு அடியிலிருந்து ஏதோ அவன் பக்கம் நீண்டது. துணி அதன்மேல் இறுகியது. சின்னக் கை. சின்னஞ்சிறு விரல்கள், ஒவ்வொன்றாக விரிந்தன.

எண்ணினான்.

ஏழு.

மறுபடி எண்ணினான். அதற்குள் அவை அவன் சுண்டுவிரலைப் பற்றிக்கொண்டு, நகத்தோரமாக, வெடிப்பு இருக்கிறதா என்று மெதுவாகத் தடவிப் பார்க்க ஆரம்பித்திருந்தன.