வடக்கு வரிசைக் கட்டில்

மதியம் மூன்று மணி. பெரம்பலூர் ஆஸ்பத்திரி ஒன்றின் ஆண்கள் வார்டில் ‘தொப்’பென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், குன்னத்து விவசாயி கொளஞ்சியப்பன், எண்பதை நெருங்கும் மனிதர், தலையணையோடு தரையில் கிடந்தார். நல்ல வேளை, மணிக்கட்டு வீங்கியதோடு போயிற்று.

ஒரே மாதத்தில் விழுந்த மூன்றாவது ஆள் இவர். மூவருமே வடக்குச் சுவரையொட்டித் தலைமாடு வைத்த வரிசை. எதிர் வரிசையில் ஒருத்தர்கூட விழவில்லை.

டாக்டர் ராஜவேல் கொதித்துப்போனார். “பக்கக் கம்பியை ஏத்தாம விட்டிருக்கே, சுகன்யா. இன்னிக்கோட நின்னுக்க!”

ஏலாக்குறிச்சியிலிருந்து வந்த இளம் நர்ஸ் சுகன்யா மேரிக்குக் கண் கலங்கிவிட்டது. “சத்தியமா ஏத்துனேன் சார்.”

தலைமை நர்ஸ் தேவயானிக்குப் பொறுக்கவில்லை. யார் விழக்கூடும் என்று கணித்துக் காபந்து செய்வது அவள் வேலை. தலைசுற்றலும் தடுமாற்ற நடையும் பார்த்து, கொளஞ்சியப்பனை அவளே எச்சரிக்கைப் பட்டியலில் சேர்த்திருந்தாள். அப்புறமும் விழுந்தாரென்றால்?

“கொஞ்சம் பொறுங்க சார். கம்பி ஏறித்தான இருக்கு?”

“விழுந்தப்புறம் ஏத்தியிருப்பா.”

தேவயானி கட்டிலைச் சுற்றி வந்தாள். கம்பி தலைமாட்டிலிருந்து பாதிக் கட்டில்வரைதான். குனிந்து விரிப்பை முகர்ந்தாள். கால்மாட்டில் வட்டமாக ஒரு தேங்காய் எண்ணெய்க் கறை!

“ஐயா, மணி அடிச்சுக் கூப்பிட்டிருக்கலாமுல்ல?”

“தொழாவிப் பாத்தேன் தாயி. கைக்கு ஆம்புடல.”

மணியோ தலைமாட்டுச் சுவரில் தொங்கியது. தேவயானிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியவரின் மனைவி செல்வம்மாளிடம் திரும்பினாள்.

“தலகாணியை மாத்திப் போட்டது யாரும்மா?”

“நாந்தான். வடக்க தல வச்சுப் படுக்க வச்சா மனுசன் பொழைக்க வேணாமா? இந்த வரிசையில எல்லாருமே மாத்தித்தான் படுக்கறாங்க.”

“கேட்டீங்களா சார்? அந்தத் தலகாணிதான் குத்தவாளி. கம்பி காலுக்குக் காவல் நின்னுருக்கு. தலையும் தோளும் கெடந்த பக்கம் வெறும் காத்து. பொரண்டாரு, விழுந்தாரு. நீங்க ரவுண்ட்ஸ் வர்றதுக்கு முந்தி நாங்க படுக்கையைச் சரி பண்ணிடறோம். நீங்க போனப்புறம் இவங்க மாத்திக்கறாங்க. அதான் யார் கண்ணுலயும் படல.”

“எங்க வூட்டுல தெசையெல்லாம் பாக்க மாட்டாங்கக்கா. எனக்குத் தோணவே இல்ல” என்றாள் சுகன்யா.

“இந்தக் காலத்துலயும் இதையெல்லாமா நம்பறாங்க?” என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

“டூட்டி ரூம்ல உங்க தலகாணி எந்தப் பக்கம் சார் கெடக்கு?”

டாக்டர் “தெக்கதான்” என்றார் மெல்ல. வார்டே கொல்லென்று சிரித்தது. வீங்கின கையைப் பிடித்துக்கொண்டு கொளஞ்சியப்பனும் சிரித்தார்.

“தப்பு எம்மேலதாம்மா, சுகன்யா. நீ எங்கயும் போக வேணாம். மொதல்ல இந்தக் கட்டிலையெல்லாம் திருப்பிப் போடுவோம், பிடி.”

சொல்லிவிட்டு டாக்டர் முழு மூச்சாகத் தள்ளினார். கட்டில் அசையவில்லை. சுகன்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“சார், சக்கரத்துல ப்ரேக் போட்டிருக்கேன். எடுத்துட்டுத் தள்ளுங்க. இல்லேன்னா அடுத்து விழறது நீங்கதான்.”